சந்தைக் குட்டிக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் மருந்து

நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். சந்தையில் மூன்று, நான்கு மாத வெள்ளாட்டுக் குட்டிகள் ஆறு வாங்கி நான்கு நாள் ஆகிறது. இரண்டுக்குக் கழிச்சல். ஒன்று தழையை மோந்து பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நிற்கிறது. மீதி மூன்றும் லேசாகச் செருமுகின்றன. வந்த அன்றே வயிற்றுப் பூச்சி மருந்து வாயில் ஊற்றிவிட்டீர்கள், தெம்பு வரட்டும் என்று மக்காச்சோளக் குருணையும் வைத்தீர்கள். இனி என்ன ஊசி போடலாம் என்கிறீர்கள்.

ஊசி இருக்கட்டும். முதலில் அந்தக் குருணையை எடுத்துவிட்டுத் தண்ணீர்ச் சட்டியை வையுங்கள்.

நான் மருத்துவர் இல்லை; 15 வருடமாக மானாவாரிக் காட்டில் கன்னி, கொடி என்கிற நம் நாட்டு வெள்ளாட்டு இனங்களை வைத்திருப்பவன். நீங்கள் செய்ததை எல்லாம் நானும் செய்திருக்கிறேன், உங்களைவிட மோசமாக. முதல்முறை வாங்கிய எட்டுக் குட்டிகளுக்கு இறக்கிய அன்று சாயங்காலமே பூச்சி மருந்து, மறுநாள் ஊரில் முகாம் நடந்தது என்று தடுப்பூசி, அதற்கு அடுத்த நாள் ஆளுக்கு ஒரு கை மக்காச்சோளம். மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தபோது நாலுதான் நின்றன. மருந்தும் நல்ல மருந்து, ஊசியும் நல்ல ஊசி. வாங்கிக்கொள்ளும் நிலையில் குட்டி இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் கைக்கு வருமுன் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று பாருங்கள். இரண்டு நாள் முன்புவரை தாய் மடி. பிரித்து, வேறு ஊர்க் குட்டிகளோடு நெருக்கியடித்து வண்டியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகப் பயணம். தண்ணீர் கிடையாது. வயிறு நிறைந்து தெரியட்டும் என்று கஞ்சியையோ உப்புத் தண்ணீரையோ ஊற்றிவிடுகிற ஆட்களும் உண்டு. பிறகு பத்துப் பேர் தூக்கிப் பார்த்து, பல்லைப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். அப்புறம் இன்னொரு வண்டி. இவ்வளவும் பட்ட உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கித்தான் போயிருக்கும். ஏற்கெனவே உள்ளே இருந்த புழுவும் நுண்கிருமியும் தலைதூக்கும். வந்த அன்று துள்ளிக்கொண்டிருந்த குட்டி மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் சோர்வது இதனால்தான்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது?

ஆறையும் உங்கள் பழைய ஆடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர்ச் சட்டி, தீவனத் தொட்டி எல்லாம் தனி. பழைய ஆடுகளை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் இவற்றிடம் போங்கள், முறையை மாற்றாதீர்கள். இது 21 நாள். கழிச்சல் இரண்டும், ஓரமாக நிற்பதும் மற்ற மூன்றோடு இருக்கவேண்டாம்.

அடுத்தது உடம்பைப் பார்ப்பது. காலையில் வெயில் ஏறுமுன் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு நிமிடம் வையுங்கள். வெள்ளாட்டுக்கு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். 104க்கு மேலே போனால் காய்ச்சல். 100க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காய்ச்சலைவிட அவசரம். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் ஓட்டம் இருக்காது, விழுங்கவும் தெம்பு இருக்காது. அந்த நிலையில் பால் ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு. வைக்கோல், சாக்கு, 60 வாட் குண்டு பல்பு. ஒரு பக்கம் பல்பு இருந்தால் மறுபக்கம் ஒதுங்க இடம் வேண்டும். குட்டிக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

கழுத்துப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். நல்ல குட்டிக்கு உடனே படிந்துவிடும். இரண்டு, மூன்று நொடி கூடாரம்போல் நின்றால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. கண்ணும் குழிந்து, ஈறும் காய்ந்து, எழுந்து நிற்கவும் முடியாமல் இருந்தால் வாய்வழித் தண்ணீர் போதாது. மருத்துவர் வந்து நரம்பில் ஏற்றவேண்டும். தமிழ்நாட்டில் 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

நிற்கிற குட்டிக்கு நீங்களே கொடுக்கலாம். மருந்துக் கடையில் விற்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்தால் போதும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி. கழிச்சலோடு கண்ணும் குழிந்த 8 கிலோ குட்டி ஏற்கெனவே அரை லிட்டருக்கு மேல் இழந்திருக்கும். அதனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லி என்று ராத்திரியும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஒரே மூச்சில் அரை லிட்டர் ஊற்றாதீர்கள். இளநீர் போதாதா என்று கேட்பார்கள்; அதில் சோடியம் குறைவு, இதற்கு ஈடாகாது.

ஊற்றும் விதம் முக்கியம். ஆட்டின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் கவிழ்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில்தான் புரையேறுகிறது. குட்டி தன் இயல்பில் நிற்கட்டும், மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகவேண்டாம். ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சைக் கடைவாய் ஓரத்தில், பல் இல்லாத இடைவெளியில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒவ்வொரு மடக்கையும் விழுங்கிய பிறகு அடுத்தது. உங்கள் மூன்று குட்டிகளின் செருமலில் ஒன்றாவது முதல்நாள் மருந்து ஊற்றியபோது வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது கண். ஆடு வைத்திருப்பவன் கற்றுக்கொள்ள ஒரே ஒரு வித்தை என்றால் இதைத்தான் சொல்வேன். நல்ல வெளிச்சத்தில் மேல் இமையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்தோல் பிதுங்கித் தெரியும். இரண்டு நொடிக்குள் நிறத்தைப் பார்த்துவிடவேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் சிவப்பேறி ஏமாற்றும். செம்பருத்திச் சிவப்பாக இருந்தால் நல்லது. ரோஜா நிறம் பரவாயில்லை. வெளிறினால் கவலை. காகித வெள்ளை என்றால் அன்றைக்கே வைத்தியம். தென்னாப்பிரிக்காவில் இதை ஐந்து நிறப் படி கொண்ட அட்டையாக்கி, ஃபமாச்சா என்று பெயரிட்டு உலகம் முழுக்கக் கொடுத்தார்கள்.

வெளிறக் காரணம் பெரும்பாலும் ஹீமோன்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் புழு. நான்காம் வயிற்றில் இருக்கும். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போலத் தெரியும். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். கேட்க அற்பமாக இருக்கும். 500 புழு இருந்தால் நாளைக்கு 25 மில்லி. 8 கிலோ குட்டியின் மொத்த ரத்தமே அரை லிட்டர் சொச்சம்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாடைக்குக் கீழே பை தொங்குவதுபோல் நீர் கோத்திருந்தாலும் இந்தப் புழுவை முதலில் சந்தேகிக்கலாம். இதில் பலரும் ஏமாறுவது எங்கே என்றால், இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலைக் கொண்டுவராது. புழுக்கை உருண்டையாகவே விழும், ஆடு உள்ளுக்குள் வற்றிக்கொண்டே போகும்.

ஓரமாக நிற்கும் குட்டிக்குக் கண் வெள்ளையாக இருந்தால் அதைத் துரத்தவோ மேய்ச்சலுக்கு நடத்தவோ கூடாது. ரத்தமில்லாத குட்டி ஓடினால் அப்படியே சுருண்டு விழும். கருத்த பெட்டைக்குட்டி ஒன்று என்னிடம் அப்படித்தான் வந்தது. இமை சுண்ணாம்பு வெள்ளை. குட்டி அடைக்கிற கொடாப்புக் கூடைக்குள் சாக்கு விரித்து விட்டேன். மருத்துவர் எடை பார்த்துக் கொடுத்த மருந்து ஒரே ஒரு தடவை, இரும்புச் சத்து டானிக், உப்புச் சர்க்கரைத் தண்ணீர், அவ்வளவுதான். தழையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது தாடை பக்கவாட்டில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அசைபோடுகிறது! பக்கத்தில் தொங்கிய அகத்திக் கொத்தில் நுனி இலைகள் காணோம். இமை ரோஜா நிறத்துக்கு வர மூன்று வாரம் பிடித்தது.

நீங்கள் ஊற்றிய பூச்சி மருந்து வீணா என்றால், அப்படிச் சொல்லவில்லை. புதிதாக வந்ததற்குக் குடற்புழு நீக்கம் தேவைதான், கண் வெளிறியிருந்தால் தள்ளியும் போடக்கூடாது. மற்றதற்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்துவிட்டுச் செய்யலாம். அளவில்தான் தப்பு நடக்கிறது. வெள்ளாட்டின் உடம்பு ஆல்பெண்டசோல் மாதிரி மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். பாட்டிலில் செம்மறிக்கு என்று போட்டிருக்கும் அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. புழு சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அதற்காக எல்லா மருந்தையும் கூட்டி ஊற்றிவிடவும் கூடாது, லெவாமிசோல் கொஞ்சம் மிஞ்சினாலே நஞ்சு. எடை தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். தராசு இல்லாவிட்டால் டெய்லர் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். 18 அங்குலச் சுற்றும் 17 அங்குல நீளமும் என்றால் எட்டேகால் கிலோ. இப்போது மறுபடி ஊற்றவேண்டாம். புதிதாக விழுந்த புழுக்கையைக் குட்டிக்கு ஒரு கவராக எடுத்துச் சில மணி நேரத்துக்குள் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மருந்து வேலை செய்ததா என்பது 10, 14 நாள் கழித்து மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும்.

கழிச்சலுக்கு வருவோம். உங்கள் குட்டிகளின் வயதையும், நான்காம் நாளில் வந்ததையும், குருணை வைத்ததையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரண்டு காரணம் தோன்றுகிறது.

ஒன்று, அந்த மக்காச்சோளமேதான். ஆட்டின் முதல் வயிறு கோடிக்கணக்கான நுண்ணுயிர் வாழ்கிற ஊறல் பானை. தழைக்குப் பழகிய பானையில் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் உள்ளே புளிப்பேறி நுண்ணுயிர் செத்துப்போகும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்று ஆடு வயிறு உப்பிச் செத்தது என்று ஊருக்கு ஊர் கதை உண்டே, அதே சங்கதி. இடது பக்கப் பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்று இரண்டு தடவை உள்ளிருந்து அலைபோல் தள்ளும். தள்ளவில்லை, களகளவென்று தண்ணீராக இருக்கிறது என்றால் வயிறு நின்றுவிட்டது. மக்காச்சோளமும் தவிடும் அறவே நிறுத்தம். காய்ந்த கடலைக்கொடி மட்டும். வயிறு அசையாத குட்டிக்கு, உங்கள் நல்ல ஆடு அசைபோடும்போது வாயிலிருந்து ஒரு பிடி அசையை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊட்டுவதுண்டு. அருவருப்பாக இருக்கும். ஆனால் செத்துப்போன நுண்ணுயிரைத் திரும்ப உள்ளே அனுப்ப அதைவிட நேரான வழி இல்லை.

இரண்டாவது, காக்சிடியா. கோழிக்கு ரத்தக் கழிச்சல் வருமே, அந்த வகைக் கிருமி. ஆட்டுக்கு வருவது வேறு இனம், கோழியிடமிருந்து தொற்றாது. மூன்று வாரத்திலிருந்து ஐந்து மாதம் வரையான குட்டிக்கு, அதுவும் தாயைப் பிரிந்து இடம் மாறியதும் வரும். வால் முழுக்க அப்பியிருக்கும், முக்கும், சிலநேரம் சளியும் ரத்தமும் கலந்திருக்கும். பூச்சி மருந்து இதைத் தொடவே தொடாது. அதற்குக் கழிச்சல் நிற்காவிட்டால் இன்னொரு பாட்டில் பூச்சி மருந்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குச் சல்ஃபா வகை, ஆம்ப்ரோலியம் என்று தனி மருந்து இருக்கிறது. புழுக்கைப் பரிசோதனையில் தெரிந்ததும் மருத்துவர் எழுதிக்கொடுப்பார். சொன்ன நாளுக்கு மேல் ஆம்ப்ரோலியத்தை நீட்டாதீர்கள், அது பி1 வைட்டமினைத் தடுக்கும். தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் நோயில் கொண்டுபோய் விடும். தரை காய்ந்திருக்கவேண்டும், தண்ணீர்ச் சட்டியில் புழுக்கை விழக்கூடாது. பாதி வைத்தியம் அதுதான்.

பால் மறக்காத குட்டி எதுவும் இருந்தால் கழிச்சல் என்று பாலை முழுக்க நிறுத்தவேண்டாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை நாளைக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாக. புட்டியைத் தாய் மடி உயரத்தில் பிடித்தால் கழுத்து நீண்டு பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைப் பாலோடு கலக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுங்கள்.

செருமலை நான் இரண்டாகப் பிரிப்பேன். மூக்கில் தெளிந்த நீர், தீனி நன்றாக எடுக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் தூசியும் அலைச்சலும்தான். காற்றோட்டமான, ஊதல் அடிக்காத இடம் போதும். படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு, 104க்கு மேல் காய்ச்சல், கெட்டிச் சளி என்றால் நிமோனியா. அதற்கு மருத்துவர் வந்து ஊசி போடட்டும், சொன்ன நாள் முழுக்கப் போடட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஊசியை ஒருநாள் குத்திவிட்டு, தெளிந்துவிட்டது என்று நிறுத்துவதற்குக் குத்தாமலே இருக்கலாம்.

ஒன்றுக்குத்தான் நிஜமாகப் பயப்படவேண்டும். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், ஈறிலும் நாக்கிலும் தவிடு தூவியதுபோல் புண், வாய் நாற்றம், அப்புறம் கழிச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் அது ஆட்டுக் கொள்ளை நோய், பிபிஆர் என்பார்கள். இந்தியாவில் இது முதன்முதலில் அறியப்பட்டதே நம் விழுப்புரம் மாவட்டம் அரசூரில், 1987இல். அந்த ஊர்ப் பெயரிலேயே ‘அரசூர் 87’ என்று நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் உருவாக்கியது. கிருமி உடம்பில் நுழைந்து நான்கு முதல் ஆறு நாளில் பெரும்பாலும் வெளியே தெரியும். உங்களுக்கு இன்று நான்காம் நாள். அதனால் இந்த வாரம் தினமும் ஆறு வாயையும் திறந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் உடனே மருந்தகத்துக்குச் சொல்லவேண்டும். போட்ட காசையாவது எடுப்போம் என்று அடுத்த சந்தைக்கு ஏற்றிவிடாதீர்கள், உங்களுக்கு வந்ததும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். உதட்டுக்கு வெளியே கருத்த பொருக்கு மட்டும் இருந்து குட்டி சுறுசுறுப்பாக இருந்தால் அது வேறு அம்மைப் புண், பெரும்பாலும் தானே ஆறும். ஆனால் நம் கைக்கும் ஒட்டும், வெறும் கையால் தொடாதீர்கள்.

தடுப்பூசி இப்போது வேண்டாம். நோயில் இருக்கிற உடம்பில் ஊசி எடுபடாது. மூன்று வாரம் போய், ஆறும் தேறி, காய்ச்சல் இல்லாமல் இருக்கும்போது பிபிஆர் போடுங்கள். ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். துள்ளுமாரி என்கிற குடல் நஞ்சு நோய்க்கு இரண்டு ஊசி, இடையில் மூன்று நான்கு வாரம் விட்டு. மழைக்காலப் புதுப்புல் வருமுன் முடித்துவிடவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் குத்துவதா, தள்ளிப் போடுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பேன், உண்ணி இருந்தால் தெம்பு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். நடுங்கிக்கொண்டிருக்கும் குட்டியை மருந்துத் தண்ணீரில் முக்காதீர்கள்.

இனி தீவனம். முதல் வாரம் பழகியதுதான் வேண்டும். விற்றவரிடம் என்ன தின்றது என்று கேட்காமல் விட்டிருந்தால் கடலைக்கொடி, வேம்பு, பூவரசு, ஆலந்தழை என்று ஊரில் எல்லா ஆடும் அறிந்ததைக் கொடுங்கள். தரையில் போடாமல் கொத்தாகக் கட்டி மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளாடு மிதிபட்ட தழையைத் தொடாது, ஆனால் எட்டிப் பறிக்கக் கிடைத்தால் பசியில்லாததும் கடிக்கும். அகத்தி, கிளரிசிடியா எல்லாம் அரைநாள் வாடவிட்டுக் கொஞ்சமாக. சவுண்டல் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம், முடி கொட்டும். பூக்காத இளஞ்சோளப் பயிர் பக்கமே விடாதீர்கள், அது விஷம். புழுக்கை கெட்டியாகி இரண்டு நாள் ஆனபிறகு, உளுந்தம் பொட்டும் கடலைப் புண்ணாக்கும் கலந்து குட்டிக்கு 25 கிராம், நாலு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி 100 கிராம் வரை. தாது உப்புக் கட்டி ஒன்று கட்டித் தொங்கட்டும். வாரம் ஒருமுறை டேப்பை வைத்துப் பாருங்கள். நாட்டுக் குட்டி நாளைக்கு 50 கிராம் ஏறினாலே நான் திருப்திப்படுவேன்.

மூன்று வாரம் கழித்துப் பழைய ஆடுகளோடு சேர்க்கும்போது நேராகக் கொட்டகைக்குள் விடாதீர்கள், மூலையில் வைத்து முட்டிவிடும். மேய்ச்சல் காட்டில் முதலில் சேரட்டும். எல்லாம் வயிறு நிறைந்து திரும்புகிற சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடும். முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும், குட்டி புகுந்து பெரிய ஆடு புகமுடியாத அளவுக்கு ஒரு மூலையில் மூங்கில் தட்டி சார்த்திவையுங்கள்.